ஆழம் அறிந்த அருளாளர் நான்சென்

சித்திரை மாதத்து வெயில் மண்டையைப் பிளக்கும் நாட்களில் எங்கள் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிணறே சொர்க்கம். கோடை விடுமுறைக்குப் பாட்டி ஊர் சென்ற எங்களில் பலரும் தோட்டத்துக் கிணற்றில் குதித்து நீந்தியிருக்கிறோம். மேலே உள்ள நீர் இளஞ்சூடாக இருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போனாலோ, சட்டென்று கால் விரல்கள் சில்லிட்டுப் போகும். கிணறு ஒன்று, நீரும் ஒன்று. அப்படியிருக்க மேலொரு நீர், கீழொரு நீர் என இரண்டாய்ப் பிரிந்தது எப்படி?

விடுமுறை முடிந்து வந்ததும் எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் இதைக் கேட்டோம். அவர் உடனே விடை கூறவில்லை. உலகத்தின் வட கோடியில் இதே கேள்வியைக் கடலிடம் கேட்டு, அதற்காகவே பல ஆண்டுகளைச் செலவிட்ட ஒருவர் இருந்தார் என்றும், அவருடைய பெயர் பிரித்யோப் நான்சென் என்றும் சொல்லி, நூலகத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். அங்கே தேடிப் படித்து அறிந்ததையே இங்கு எழுதுகிறோம்.

நான்சென் 1861-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் நார்வே நாட்டின் தலைநகருக்கு அருகில் பிறந்தார். இன்று ஆஸ்லோ என வழங்கும் அந்நகருக்கு அன்று கிறிஸ்தியானியா என்று பெயர். தந்தையார் வழக்கறிஞர். சிறு வயதிலேயே பனிச்சறுக்கிலும் நீச்சலிலும் வல்லவரானார். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். 1882-ஆம் ஆண்டு சீல் வேட்டைக் கப்பல் ஒன்றில் வடகடலுக்குச் சென்று வந்தார். அந்த ஆண்டே பெர்கன் நகரத்து அருங்காட்சியகத்தில் பணியில் அமர்ந்தார். சிற்றுயிர்களின் நரம்பு மண்டலத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1888-இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

பட்டம் பெற்ற கையோடு அவர் செய்த காரியம் உலகையே வியக்க வைத்தது. கிரீன்லாந்து என்னும் மாபெரும் பனித் தீவை, அதுவரை எவரும் குறுக்கே கடந்ததில்லை. நான்செனும் ஐந்து தோழர்களும் மக்கள் மிக அரிதாகவே வாழ்ந்த கிழக்குக் கரையில் இறங்கி, மக்கள் வாழும் மேற்குக் கரை நோக்கி நடந்தனர். திரும்பிப் போனால் உணவும் இல்லை, உறைவிடமும் இல்லை. முன்னேறியே ஆக வேண்டும் என்பதற்காகவே அப்படித் திட்டமிட்டார். என்னே அவருடைய துணிவு! இறுதியில் அவர்கள் பனிமேட்டிலிருந்து இறங்கிய இடம் ஒரு பியோர்டின் கரை. கையில் படகு இல்லை. கூடாரத் துணியையும் காட்டுச் செடியின் கொம்புகளையும் கொண்டு ஒரு சிறு படகைக் கட்டி, நான்செனும் நண்பர் ஸ்வெர்த்ரூப்பும் அந்தப் பியோர்டு வழியே துடுப்பு வலித்து, 1888 அக்டோபர் தொடக்கத்தில் ஊர் போய்ச் சேர்ந்தனர்.

பியோர்டு என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறி, இருபுறமும் செங்குத்தாய் நிற்கும் பாறைகளின் நடுவே நம்மில் பலர் சென்றிருப்போம். அந்தக் காட்சியைப் பன்மடங்கு பெரிதாக்கிக் கொள்ளுங்கள்; ஆற்று நீருக்குப் பதில் கடல் நீரை நிரப்பிக் கொள்ளுங்கள். அதுதான் பியோர்டு. பனியாறுகள் நெடுங்காலம் மலையைக் குடைந்து உண்டாக்கிய பள்ளத்தாக்கில் கடல் புகுந்ததால் ஏற்பட்டது இது. நார்வேயின் மிகப் பெரிய பியோர்டான சோக்னே 200 கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது. சுமார் 1,300 மீட்டர் ஆழமுடையது. ஆனால் அது கடலோடு சேரும் வாயிலில் ஒரு பாறை மேடு, வீட்டு வாசற்படியைப் போல் குறுக்கே கிடக்கிறது. அங்கே ஆழம் 200 மீட்டர்கூட இல்லை. இத்தகைய படிகள் பெரும்பாலான பியோர்டுகளில் உண்டு. இந்தப் படியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; நம் கதைக்கு அது மிகவும் வேண்டியது.

1889-இல் நான்சென் ஏவா சார்ஸ் என்ற பாடகியை மணந்தார். ஏவாவின் தந்தையார் மைக்கேல் சார்ஸ், கடலோரச் சிற்றூர்களில் சமய குருவாகப் பணியாற்றிக்கொண்டே கடலடி உயிர்களை ஆராய்ந்த அறிஞர். ஆழ்கடலில் உயிரே இராது என்று பலர் நம்பிய காலத்தில், அங்கும் உயிர்கள் உண்டு எனக் காட்டியவர்களுள் அவரும் ஒருவர்.

இனி, நான்சென் புகழின் உச்சிக்குச் சென்ற பயணத்தைக் கூறுவோம். 1881-இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நொறுங்கி மூழ்கிய ஜானெட் என்ற கப்பலின் உடைந்த பொருள்கள், மூன்று ஆண்டுகளுக்குப் பின் கிரீன்லாந்தின் கரையில் ஒதுங்கின. அப்படியானால் வட துருவக் கடலின் குறுக்கே ஒரு நீரோட்டம் பனியைச் சுமந்து செல்ல வேண்டும் என்று நான்சென் முடிவு செய்தார். வேண்டுமென்றே ஒரு கப்பலைப் பனியில் உறையவிட்டால், அந்த ஓட்டமே அதைத் துருவத்தின் அருகே இட்டுச் செல்லும் அல்லவா? பெரியவர்கள் பலர் இதைக் கேட்டு நகைத்தார்கள். அவர் அஞ்சவில்லை. நம் ஊர்ப் பரிசலைப் போல அடிப்பாகம் உருண்ட ஒரு மரக்கப்பலைக் கட்டச் செய்தார். பனி நெருக்கும்போது நொறுங்காமல் மேலே எழும்பிவிட வேண்டும் என்பதே நோக்கம். அதற்கு ‘பிராம்’ என்று பெயரிட்டவர் ஏவா அம்மையாரே. முன்னோக்கி என்பது அதன் பொருள். 1893 ஜூன் 24-ஆம் நாள் 12 தோழர்களோடு நான்சென் புறப்பட்டார்.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம், சைபீரியக் கரையோரம் ஒரு விந்தை நிகழ்ந்தது. கடல் அமைதியாக இருந்தது. இயந்திரம் முழு வேகத்தில் ஓடியது. கப்பலோ யாரோ பின்னால் பிடித்து இழுப்பதைப் போல ஊர்ந்தது! நார்வே மாலுமிகள் பியோர்டுகளில் இதை முன்பே கண்டு ‘செத்த நீர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பயந்த மனிதர் பேய் என்பார்; நான்சென் நீரை முகந்து பார்த்தார். மேல் நீர் ஏறக்குறைய குடிக்கத்தக்கதாய் இருந்தது. கப்பலின் அடிக்குழாயில் வந்த நீரோ கொதிகலனுக்கும் ஆகாத உப்பு நீர். ஆற்று நீர் உப்பு நீரின்மேல் ஒரு மெல்லிய போர்வையாக மிதப்பதை அவர் கண்டுகொண்டார். பின்னர் இதன் காரணத்தைப் பேராசிரியர் பியர்க்னெஸ் என்பாரிடம் கேட்க, அவருடைய மாணவர் எக்மன் தொட்டியில் சோதனை செய்து, 1904-இல் விடையை வெளியிட்டார். மேல் நீரும் கீழ் நீரும் சந்திக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அலைகளைக் கப்பல் எழுப்புகிறது. அதன் ஆற்றல் அதிலேயே செலவாகிவிடுகிறது. இதுவே அந்தப் பேயின் இரகசியம்!

பிராம் கப்பல் பனியில் உறைந்து மிதந்தது. கடல் ஆழமற்றது என எண்ணி அவர்கள் கொண்டு சென்ற அளவுக் கயிறு அடியைத் தொடவில்லை. உடனே கப்பலின் எஃகு வடத்தைப் பிரித்து, இழைகளை முறுக்கி, 4,000 மீட்டருக்கு மேல் நீளமான கயிற்றைத் தயாரித்தார்கள். உறையும் குளிரில் இந்த வேலையைச் செய்தவர்களின் கைகள் என்ன பாடுபட்டிருக்கும்! பலன் பெரிது. துருவக் கடல் 3,000 மீட்டருக்கும் மேல் ஆழமானது என்று தெரிந்தது. மேலே உறைநிலையில் உள்ள நீருக்குக் கீழே, அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வந்த வெப்பம் மிகுந்த நீர் அடுக்கொன்று ஓடுவதும் தெரிந்தது. நம் கிணற்றில் மேலே சூடு, கீழே குளிர், அங்கே நேர்மாறு. காரணம் உப்பு. உப்பு மிகுந்த நீர், வெப்பமாக இருந்தாலும் கனத்தால் கீழே தங்கிவிடுகிறது.

1895 மார்ச்சில் நான்செனும் யோஹான்சென் என்பவரும் கப்பலை விட்டிறங்கி, நாய் வண்டிகளோடு துருவத்தை நோக்கி நடந்தனர். ஏப்ரல் 8-ஆம் நாள் 86 பாகை 14 கலை வட அட்சத்தை எட்டினர். அதுவரை மனிதர் யாரும் அத்துணை வடக்கே சென்றதில்லை. ஆயினும் துருவம் கைக்கெட்டவில்லை. திரும்பும் வழியில் ஒரு முழுக் குளிர்காலத்தைக் கல்லாலும் வால்ரஸ் தோலாலும் அமைத்த குழியறையில் கரடி இறைச்சி தின்று கழித்தார்கள். 1896 ஆகஸ்டில் அவர்களும் நாடு திரும்பினர். அடுத்த சில நாட்களில் பிராமும் திரும்பியது. ஒருவரேனும் உயிரிழக்கவில்லை.

நாடே கொண்டாடியது. வேறொருவராயின் அந்தப் புகழிலேயே குளிர்காய்ந்திருப்பார். நான்சென் செய்தது வேறு. தம் அளவுகளை எடுத்துவைத்து மீண்டும் சோதித்தார். ஆழ்நீரின் உப்பு அளவில் தாம் கண்ட எண்கள் போதிய துல்லியம் உடையன அல்ல என்று உணர்ந்து, அதை மறைக்காமல் ஏற்றுக்கொண்டார். கருவிகளைத் திருத்துவதில் இறங்கினார். கணக்கில் ஒரு புள்ளி தவறினால் விடைத்தாளை மறைக்கும் எங்களுக்கு இது நல்ல பாடம்.

அப்படி உருவானதே ‘நான்சென் குப்பி’. உலோகத்தால் ஆன இந்தக் குப்பி, இருபுறமும் திறந்தபடி கம்பியில் கட்டிக் கடலுக்குள் இறக்கப்படும். வேண்டிய ஆழத்தை அடைந்ததும் மேலிருந்து ஒரு சிறு எடைக்கட்டியைக் கம்பி வழியே நழுவ விடுவார்கள். அது போய்த் தட்டியதும் குப்பி தலைகீழாகப் புரண்டு, வாய்கள் மூடிக்கொள்ளும். உடன் கட்டிய வெப்பமானியும் புரள்வதால், அதிலுள்ள பாதரசம் அந்த இடத்திலேயே அறுந்து, அவ்வாழத்தின் வெப்பநிலையை அப்படியே காட்டிக்கொண்டு மேலே வரும். அதே வேளையில் இன்னொரு எடைக்கட்டி நழுவி, அடுத்துக் கீழேயுள்ள குப்பியைத் தட்டும். ஒரே கம்பியில் பல ஆழங்களின் நீர் கிடைத்துவிடும்! பல பத்தாண்டுகள் உலகக் கடல்கள் எங்கும் இக்குப்பி இறங்கி ஏறியது. 1960-களின் முற்பகுதியில் நடைபெற்ற பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்விலும் அது பயன்பட்டது.

1908-இல் நான்சென் கடலியல் பேராசிரியரானார். 1909-இல் ஹெலண்டு ஹான்சென் என்ற அறிஞருடன் சேர்ந்து நார்வே கடலைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். வடகடலின் அடிநீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கும் வழிகாட்டினார். குளிர்காலத்தில் கிரீன்லாந்துக் கடலின் மேல் நீர் குளிர்ந்து, கனத்து, கீழே அமிழ்ந்து அடிநீராகிறது என்பது அவர் கருத்து.

பியோர்டின் கதையும் இதுவேதான். நான்சென் வாழ்ந்த வீடு ஆஸ்லோ பியோர்டின் அருகில் உள்ள லீசாக்கரில் இருக்கிறது. அந்தப் பியோர்டின் குறுகலான பகுதியில் உள்ள படியின்மேல் ஆழம் ஏறக்குறைய 20 மீட்டர்தான். உள்ளேயோ 150 மீட்டர் வரை ஆழம் உண்டு. வேனிற்காலத்தில் பனி உருகி ஆறுகள் பெருகும். அந்த நன்னீர் மேலே பரவும். வெயில் அதைச் சூடாக்கும். கிணற்றைப் போலவே மேல் நீரும் கீழ் நீரும் ஒன்றோடொன்று கலவாமல் பிரிந்து நிற்கும். மேலே காற்று, வெளிச்சம், மீன்கூட்டம் எல்லாம் உண்டு. கீழே அடைபட்ட நீருக்கோ புதுக்காற்று இல்லை. மேலிருந்து விழும் மக்கிய பொருள்கள் இருக்கும் பிராணவாயுவையும் தின்றுவிடும். நாளடைவில் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு சேரும். மீன்கள் வாழ முடியாது.

அடிநீருக்கு விடிவு எப்போது? குளிர்காலத்தில் ஆறுகள் வற்றி, மேல் நீர் குளிர்ந்து, வேற்றுமை குறைகிறது. வடக்கிலிருந்து வீசும் காற்று மேல் நீரை வெளியே தள்ளுகிறது. அதற்கு ஈடாக வெளிக்கடலின் குளிர்ந்த உப்பு நீர் படியைத் தாண்டி உள்ளே வருகிறது. கனத்த நீராதலால் சரிவில் வழிந்து அடிக்குப் போகிறது. பழைய நீரை மேலே தூக்கிவிடுகிறது. பிராணவாயு கிடைத்து, பியோர்டு மீண்டும் மூச்சு விடுகிறது. சில ஆண்டுகளில் வரும் நீருக்குப் போதிய கனம் இராது. அப்போது அடிநீர் அடுத்த குளிர்காலத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். உலகம் வெப்பமாகி வருவதால் மேற்கு நார்வேயின் சில பியோர்டுகளில் இப்புதுப்பித்தல் அரிதாகி, அடியில் பிராணவாயு குறைந்து வருவதாக இன்றைய ஆய்வாளர்கள் கவலை கொள்கிறார்கள்.

இவ்வளவு ஆழமாய்க் கடலை நேசித்தவர், அக்கடலை விட்டுக் கரையேறியது ஏன்? முதல் உலகப் போர்தான் காரணம். அதற்கு முன்பே துயரம் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தது. 1907 டிசம்பரில் ஏவா அம்மையார் நிமோனியாவால் மறைந்தார். அயல்நாட்டிலிருந்து விரைந்து வந்த கணவரால் உயிரோடு காண இயலவில்லை. 1913-இல் இளைய மகனும் இறந்தான்.

1920-இல் சர்வதேச சங்கம், போர் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் தவித்த போர்க்கைதிகளை மீட்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. போதிய பணம் இல்லை, கப்பல் இல்லை, ஒன்றையொன்று நம்பாத அரசுகள். அவர் சலிக்கவில்லை. 1922-க்குள் 4 இலட்சத்து 27 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஊர் சேர்த்தார். 1921-இல் ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரைகளில் கொடும் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, ஜெனீவாவில் நாடுகளிடம் உதவி கேட்டு மன்றாடினார். அரசியல் காரணம் காட்டி அவை கைவிரித்தன. அவர் தனி மனிதர்களிடம் கையேந்தினார். பல இலட்சம் பேர் மாண்டனர். ஆயினும் அவர் முயற்சியால் பிழைத்தவர்களும் மிகப் பலர்.

அந்நாளில் ரஷ்யாவை விட்டு வெளியேறிய பல இலட்சம் மக்களின் குடியுரிமையை அந்நாட்டுப் புதிய அரசு பறித்துவிட்டது. எந்த நாட்டையும் சேராதவர்களாக அவர்கள் ஆனார்கள். காகிதம் இல்லையேல் எல்லையைத் தாண்ட முடியாது, வேலை கிடைக்காது. அவர்களுக்காக 1922-இல் நான்சென் ஓர் அடையாளச் சீட்டை உருவாக்கினார். ‘நான்சென் பாஸ்போர்ட்’ என வழங்கிய அதனைக் காலப்போக்கில் 50-க்கும் மேற்பட்ட அரசுகள் ஏற்றன. ஓவியர் மார்க் ஷாகால், இசை மேதை ஸ்ட்ராவின்ஸ்கி போன்றோரும் அதை வைத்திருந்தவர்களே. அதே 1922-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசுப் பணத்தையும் அவர் துயர்துடைப்புப் பணிகளுக்கே கொடுத்துவிட்டார்.

இந்தப் பகுதியைப் படித்தபோது எங்களில் சிலர் பேச்சற்றுப் போனோம். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த தமிழர்களுக்கான முகாம்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. அங்கிருந்து வந்து எங்களோடு படிக்கும் தோழி ஒருத்தி, இந்த மண்ணிலேயே பிறந்தவள். எங்களைப் போலவே கேழ்வரகுக் களி உண்டு வளர்ந்தவள்; கணக்கில் எங்கள் எல்லோரையும் முந்துபவள். சென்ற மாதம் ஒரு விண்ணப்பத்தை நிரப்பும்போது, தேசம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவள் பேனா நின்றுவிட்டது. நாங்கள் ஒரே நொடியில் எழுதி முடித்த சொல் அது. என்ன எழுதுவது என்று அவள் கேட்டாள். எங்களிடம் விடை இல்லை. வகுப்பில் அதுவரை எங்களுக்குள் வேற்றுமை உண்டு என்றே நாங்கள் எண்ணியதில்லை. எங்கள் நடுவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படி இருந்திருக்கிறது. அவள் அதன் அப்பால் நின்றிருக்கிறாள். நான்செனின் கதையை அவளே எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். பாஸ்போர்ட் பகுதி வந்ததும் நிறுத்தி, அதை மறுபடியும் ஒரு முறை படித்தாள்.

நான்சென் 1930 மே 13-ஆம் நாள் லீசாக்கரில் தம் இல்லத்தில் மறைந்தார். நார்வேயின் தேசியத் திருநாளான மே 17 அன்று நாட்டு மக்கள் அவருக்கு விடைகொடுத்தனர். அவர் பெயரால் இயங்கிய அகதிகள் அலுவலகம் 1938-இல் நோபல் பரிசு பெற்றது. அகதிகளுக்காக உழைப்போருக்கு 1954 முதல் ஐக்கிய நாடுகள் அமைப்பு வழங்கிவரும் விருதும் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

அவர் துருவத்தை அடையவில்லை. பஞ்சத்தில் வாடிய அனைவரையும் காக்கவும் அவரால் முடியவில்லை. ஆனால் மேலே தெரிவதோடு நின்றுவிடாமல், அடியில் என்ன நடக்கிறது என்று கயிற்றை இறக்கிப் பார்க்கும் குணம் அவரிடம் கடைசிவரை இருந்தது. கடலின் ஆழத்தில் அடைபட்ட நீரை அறிந்தவர், உலகத்தின் ஆழத்தில் அடைபட்ட மனிதர்களையும் கண்டார். படியைத் தாண்ட ஒரு வழி கிடைத்தால் போதும், அவர்களும் மூச்சு விடுவார்கள் என்று உணர்ந்தார்.

வரும் கோடையிலும் நாங்கள் கிணற்றில் குதிப்போம். இம்முறை தோழியையும் பாட்டி ஊருக்கு அழைத்திருக்கிறோம். அவளுக்கு நீச்சல் தெரியாதாம், கற்றுக்கொடுப்பதாக வாக்களித்துள்ளோம். கால் சில்லிடும் ஆழத்தை அவளும் தொட்டுப் பார்க்கட்டும். அந்தக் கட்டத்தில் அவள் தயங்காமல் எழுதும் நாள் விரைவில் வர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். அதற்கு வேண்டிய கல்வியையும் துணிவையும் பெறுவோம். நான்சென் காட்டிய வழியில் நடப்போமாக!